டிகிரி இல்லை என்றால் இல்லை என்று சொல்

பெங்களூரு தொம்மலூர் மேம்பாலத்தைத் தாண்டி, கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற தம்பி, தங்கச்சி, இது உனக்குத்தான். டிகிரியில் ரெண்டு அரியர் நிற்கிறது. இங்கிலீஷ் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. உன்னைத் தேடித்தான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வருகிறது: தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, டிகிரி வேண்டாம், அனுபவம் வேண்டாம், டூரிஸ்டாகப் போய் இறங்கு, விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டு.

கட்டாதே.

தாய்லாந்துப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டுக்காரர் என்றால் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண் போல ஏதாவது சான்றும் காட்ட வேண்டும். வியட்நாமிலும் பட்டம், பயிற்சிச் சான்றிதழ் இரண்டும் இல்லாமல் ஒர்க் பெர்மிட் கிடைக்காது. பெர்மிட் இல்லாமல் வகுப்பெடுத்து மாட்டினால் தாய்லாந்தில் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். அதோடு நாடு கடத்தல். உன்னை அனுப்பிய ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டான்.

அபராதத்தோடு போனால்கூடத் தேவலை. சிலருக்குச் சொன்ன வேலையே அங்கே இருக்காது. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை ஊரான மேசோட் வழியாக ஆற்றைத் தாண்டவைத்து, மியான்மரின் மியாவடிப் பக்கம் அடைத்து, இணைய மோசடி செய்யவைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. அடுத்த மாதமே மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னையில் வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் 549 இந்தியர்களை அழைத்து வந்தன. கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். உனக்கு டீச்சர் வேலை என்கிறார்கள். மற்றபடி அதே டூரிஸ்ட் கதை, அதே அவசரம்.

இன்னொருத்தன் வருவான். "சர்டிபிகேட்டும் நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்பான். அவனிடம் நின்று பேசவே பேசாதே. அட்டெஸ்டேஷனுக்குப் போனால் பல்கலைக்கழகத்தையே கேட்பார்கள். பொய் அங்கேயே அவிழும், வழக்கு உன் பேரில் வரும். பல்கலைக்கழகமே போலியாக இருப்பதும் உண்டு. யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் நம் கர்நாடகத்து கோகாக்கைச் சேர்ந்த ஒன்று பல வருஷம் இருந்தது.

சரி, மாட்டவே மாட்டாய் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்? ஒரு பையன் "டிட் யூ வென்ட்" என்கிறான். தப்பு என்று உனக்குத் தெரியும். ஏன் தப்பு என்று கேட்டால்? "அப்படித்தான், கேட்க நல்லா இல்லை" என்பாய். இறந்தகாலம் 'டிட்'டிலேயே வந்துவிட்டது, மறுபடி 'வென்ட்' வேண்டாம் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி, பத்து உதாரணத்தோடு, அலுக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குப் பெயர்தான் டீச்சர் வேலை. அமெரிக்கக் கஸ்டமரைச் சமாளித்த ஆக்சென்ட் இதற்கு உதவாது. அந்தப் பையனின் அப்பா கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டியிருப்பார், உன் அப்பா கட்டியதைப் போல. பெங்களூரு ஞானபாரதி வளாகத்தில், 1963இல் தொடங்கிய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது. வருஷக்கணக்கில் பாடம் நடத்திய அரசுப் பள்ளி ஆசிரியர்களே அங்கே போய் மாணவர்களாக உட்கார்ந்து கற்கிறார்கள். உனக்கு என்ன அவசரம்?

டிகிரி இல்லாதது அவமானமில்லை. அரியரை எழுது, முடியாவிட்டால் இக்னோவில் சேர். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆசிரியர் பயிற்சிக்குப் பட்டம் கட்டாயமில்லை. செலவு அதிகம்தான்; ஆனால் சுமார் 120 மணி நேரப் பாடத்தில் குறைந்தது 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நீ வகுப்பெடுக்க வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவார். அதற்கும் முன்னால், உன் தெருவிலேயே வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சொல்லிக்கொடு. ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிறாயா பார். பாதிப் பேர் ரெண்டாவது மாதமே ஓடிவிடுவார்கள், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

அதன்பிறகும் போக ஆசையா? தாராளமாகப் போ. ஏஜென்ட்டின் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடு. பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். பள்ளியின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்தப் பள்ளிக்கே நேராகப் போன் போடு. இன்றைக்கே போடு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.