செவிக்கும் ஓர் அறம் உண்டு

வள்ளுவப் பெருந்தகை புறங்கூறாமையை அறத்துப்பாலில் வைத்தார். ஒற்றாடலைப் பொருட்பாலில் வைத்தார். முன்னது தனிமனிதன் காக்க வேண்டிய ஒழுக்கம். பின்னது அரசன் கையாள வேண்டிய கருவி. ஆயின், ஒற்றனும் அல்லாத, புறங்கூறுவோனும் அல்லாத ஒருவன், வான்வழி வந்த பிறர் உரையாடலைக் கேட்டு, அதனை உலகெங்கும் அஞ்சல் செய்வானாயின், அச்செயலை எதனுள் அடக்குவது? படை விமானங்களின் வானொலிப் பேச்சை இணையத்தில் நேரலையாக ஒலிபரப்பும் ஆர்வலர்கள் நம்முன் வைக்கும் வினா இதுவே.

அவர்கள் செய்யும் வேலை பெரும் வித்தையன்று. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், மேலைநாட்டுப் படை விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் பேசுகின்றன. கூரைமேல் ஓர் ஏரியல், பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடும் ஸ்கேனர் வானொலி, அதன் ஒலியை வாங்கி இணையத்திற்கு அனுப்பும் கணினி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட விரலளவுக் கருவியையே வானொலியாக மாற்றும் வழியை 2012ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் பரப்பிய பின்னர் செலவும் குறைந்துவிட்டது. இவ்வலைகள் நேர்கோட்டில் செல்பவை. ஆதலின், 30,000 அடி உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கக்கூடும்.

இவ்வாறு கேட்பது குற்றமா? பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், தனக்கென அனுப்பப்படாத செய்தியை உரிமையின்றி வேண்டுமென்றே கேட்பதையும் அதனை வெளியிடுவதையும் குற்றமெனக் கொள்கிறது. அமெரிக்காவிலோ, 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புத் தனியுரிமைச் சட்டம், பொதுமக்கள் எளிதில் கேட்கத்தக்க வான்போக்குவரத்துத் தொடர்புகளைக் கேட்பதற்கு விலக்களிக்கிறது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் குற்றமாவது மறுகரையில் பொழுதுபோக்காகிறது. எனவே, சட்டத்தை மட்டும் துணைக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது.

ஆர்வலர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மறைக்க வேண்டியதை மறைகுறியாக்கிப் பேசும் கருவிகள் படைகளிடம் உள்ளன; வெளிப்படையாகப் பேசுவது பிறர் செவிக்கு எட்டும் என்பதை அவை அறியும். அன்றியும், வரிப்பணத்தில் இயங்கும் படையின் செயலை மக்கள் அறிவதில் நன்மையும் உண்டு. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தருகே இராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் மாண்டனர். அந்தப் பயணிகள் விமானம் தென்படுகிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் ஹெலிகாப்டரை வினவிய குரலைச் சில மணி நேரத்தில் உலகமே கேட்டது. உண்மையை நாடுவோர்க்கு அஃது ஒரு சான்று. எனினும், துயரச் செய்திக்காக நடுங்கிக் காத்திருக்கும் உறவினரின் செவிக்கும் அதே ஒலி எட்டும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்ப்போம். 2011 மார்ச்சில் லிபியாவின்மீது வான்தாக்குதல் தொடங்கியபோது, நெதர்லாந்து ஆர்வலர்கள் கூட்டுப் படை விமானங்களின் உரையாடலைக் கேட்டு டுவிட்டரில் உடனுக்குடன் வெளியிட்டனர். துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டாமென லிபியக் கப்பல்களை அமெரிக்க விமானம் எச்சரித்த ஒலிப்பதிவும் வெளியாயிற்று. ‘எவரும் கேட்கக்கூடியதைத்தானே வெளியிட்டோம்’ என்று இத்தகையோர் கூறுவர். இந்த வாதத்தில்தான் பிழை ஒளிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டி வந்தால், அதனைக் கேட்டவன் குற்றவாளியல்லன். அதனையே ஒலிபெருக்கி கட்டி ஊருக்குக் கேட்கச் செய்தால், ‘எப்படியும் கேட்டதுதானே’ என்று அவன் தப்பிக்க முடியுமா? கூரைமேல் ஏரியல் கட்டியவனின் செவிக்கு இடமும் நேரமும் எல்லையிடுகின்றன. நேரலை அவ்வெல்லைகளை அகற்றிவிடுகிறது. வானத்தை அண்ணாந்து பாராத ஒருவனும், தீய எண்ணம் கொண்ட ஒருவனும், எங்கிருந்தும் அதனைக் கேட்கலாம். அக்கணமே கேட்பவன் பேசுபவனாகிறான். நாவுக்குரிய அறம் அவனையும் பற்றிக்கொள்கிறது.

பேசுபவனின் முதற்கடமை தேர்ந்து பேசுதல். நேரலைக் கருவியோ எதனையும் தேர்வதில்லை. அமைத்தவன் உறங்கும்போதும் அஃது ஒலித்துக்கொண்டிருக்கும்; பயிற்சிப் பறப்பையும், போர்க்களப் பறப்பையும், இறுதி மூச்சில் விமானி எழுப்பும் அபயக்குரலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. தன் பெயரால் என்ன பேசப்படுகிறது என்பதை அறியாமல் பேசிக்கொண்டிருப்பதை எவ்வாறு அறமெனக் கொள்வது?

ஆகவே, நேரலையே கூடாது என்பது என் கருத்தன்று. அன்றாடப் பயிற்சிகளைக் கேட்டு மகிழ்வதில் தீங்கில்லை. ஆனால், போர் நிகழும்போது அது நிறுத்தப்படட்டும். விபத்து நேர்ந்தால் ஒலிப்பதிவு முதலில் புலனாய்வாளரிடம் சேரட்டும். உறவினர் செய்தி அறிந்தபின் ஊரார் கேட்கட்டும். இவற்றைச் செய்ய, விழித்திருந்து பொத்தானை அமுக்கும் ஒரு மனிதன் வேண்டும். அவன் இல்லாத நேரத்தில் கருவியும் ஓய்ந்திருத்தலே முறை.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வினாவை வகுப்பறையில் எழுப்பிப் பார்க்கலாம். நம் மாணவர் கையில் ஏரியலும் ஸ்கேனரும் இல்லாதிருக்கலாம்; ஆனால், காதில் விழுந்ததை நொடியில் நூறு பேருக்கு அனுப்பும் கைப்பேசி உண்டு. அனுப்புமுன் ஒரு கணம் நின்று, ‘இஃது யாரைச் சென்று தொடும்?’ என வினவ அவர்களைப் பழக்குவது மொழிப்பாடத்திற்குப் புறம்பான பணியன்று.