கூடுதல் 12 சி.சி.

மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால்சாயா நிறத்தில் நுரை. "ஹெட் கேஸ்கட் போயி தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கு. சிலிண்டர்லயும் கோடு விழுந்திருக்கு. சூடு ஏறினப்பமே நிப்பாட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்றார். அப்பா ஷெட்டுக்கு வெளியே நின்று கருங்கல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி சிவப்பைத் தொட்ட பிறகும், 'வீடு எட்டிரலாம்' என்று திங்கள்சந்தையிலிருந்து ஓட்டிவந்தவர் அவர்தான்.

2004 மாடல் மாருதி 800. இருக்கிற எஞ்சினை மார்த்தாண்டத்தில் லேத்துக்குக் கொடுத்து, போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டால் 35 ஆயிரம். ஏதோ விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் என்றால் 22 ஆயிரம், இரண்டே நாள் வேலை. வண்டியை விற்றாலே 50 ஆயிரம் தேறாது. மாற்றிவிடலாம் என்றேன்.

சக்கரமா தேர், அச்சா தேர் என்று மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்டார். எதுவுமில்லை, தேர் என்பது வழக்கத்தில் உள்ள ஒரு பெயர். படித்தபோது சரியென்றுதான் பட்டது. ஆனால் நாகசேனரிடம் ஆர்.சி. புக் கிடையாது. நமக்கு எஞ்சின் என்பது பிளாக்கில் கொத்திய நம்பர். அச்சு அசலாக அதே எஞ்சினைப் போட்டாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்ப் பதிவை மாற்றவேண்டும். சட்டத்துக்கு அது வேறு எஞ்சின். ரிப்பேரிலோ, 68.5 மில்லிமீட்டர் சிலிண்டரைக் குடைந்து 69 ஆக்குகிறார்கள். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 796 சி.சி. ஏறக்குறைய 808 ஆகிறது. உடம்பு மாறியது எந்தப் புத்தகத்திலும் ஏறாது, நம்பர் அதேதான். ஆக, 'நம்ம எஞ்சினையே காப்பாத்துறோம்' என்பதும் பாதிச் சமாதானம்தான். குடையக் குடையச் சுவர் மெலியும், அதற்கும் எல்லை உண்டு.

மெக்கானிக் அண்ணனின் நியாயம் எளிது. "இதுக்க கேடு என்னன்னு நமக்குத் தெரியும். அத எவன் எப்படி ஓட்டினான்னு தெரியாதுல்லா?"

அப்பா சொன்னது வேறு. "நான் கெடுத்தத அடுத்தவனுக்க சாமானம் வச்சு மறைக்காண்டாம் மக்களே. இதையே சரியாக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பிராயச்சித்தம் அவருக்கு, பில் எனக்கா? ஒருவர் தன் மனசாட்சிக்கு அடுத்தவர் பணத்தைச் செலவழிக்கலாமா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

முந்தின மாதம் கூலண்ட் குறைந்திருந்ததைப் பார்த்தவன் நான். நாளைக்கு ஊற்றலாம் என்று மூடிவைத்தவனும் நான்தான். அப்பாவுக்கு அது தெரியாது. கூடுதல் 13 ஆயிரத்தை என் பங்கு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டு, "செரி, ரிப்பேர் பண்ணுங்கண்ணே" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதுபோலவே கேட்டது.

முதல் 1000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா 40ஐத் தாண்டுவதில்லை. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறான். அவர் ரோட்டைப் பார்க்கிறார், ஊசியைப் பார்க்கிறார், மறுபடி ரோட்டைப் பார்க்கிறார். பக்கத்து சீட்டில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.