வழிகாட்டியும் கண்ணின் அமானத்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



இந்நாளில் நம்மில் வாகனம் ஓட்டாதவர் அரிது. ஓட்டுகிறவர்களில் வழிகாட்டிக் கருவியை நம்பாதவர் அதனினும் அரிது. ஊர் பெயரையும் தெருவின் பெயரையும் தட்டிவிட்டால் போதும்; வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று அது பேசுகிறது. பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் துணைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தை அது அறிந்துகொள்கிறது. நட்சத்திரங்களைக் கொண்டு மனிதர்கள் வழியறிவதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹுத்தஆலா ஸூரா நஹ்லில் எடுத்துக் காட்டுகிறான். மனிதனுக்கு அவன் கொடுத்த அறிவால் உண்டான இக்கருவியும் ஒரு நிஃமத்தே என்பதில் ஐயமில்லை.

ஆனால், இதனைப் பற்றி நம்மவர்களுக்குள் ஒரு வாதம் நடந்துகொண்டேயிருக்கிறது. ஜும்ஆ முடிந்து தேநீர் அருந்த உட்கார்ந்தால் இரண்டு கட்சியையும் கேட்கலாம். “முன்பெல்லாம் காகிதப் படத்தை மடியில் விரித்துக்கொண்டு ஓட்டினோம், பெயர்ப் பலகையைத் தேடி நாற்சந்தியில் திடீரென்று பிரேக் போட்டோம், அந்த ஆபத்தெல்லாம் இக்கருவியால் தொலைந்தது” என்பார் ஒருவர். “கண்ணைச் சாலையிலிருந்து பிடுங்கும் எந்தத் திரையும் ஆபத்துத்தான், அதை வாகனத்தில் வைக்கவே கூடாது” என்பார் மற்றவர்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. அப்படியாயின் நாம் எதை எடுத்து நடப்பது? இதனைப் பிறருக்குச் சொல்லுமுன் என்னுடைய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில், உறவினர் வீட்டு நிக்காஹுக்காகப் பினாங்கிலிருந்து ஈப்போவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. ஈப்போவில் இறங்கி, வீடுகள் நெருங்கிய ஒரு தாமானுக்குள் நுழைந்த பிறகுதான், மண்டபத்தின் பெயரைத் தவறாகக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. நிக்காஹ் நேரம் தப்பிவிடுமே என்ற பதற்றம். வண்டியை நிறுத்தவில்லை. கைத்தொலைபேசியைத் தாங்கியிலிருந்து கழற்றி, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் பெருவிரலால் பெயரைத் தட்டலானேன்.

“அத்தா! ஆளு!” என்று பின்னாலிருந்து என் மகள் அலறினாள். பிரேக்கை மிதித்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்த ஒரு சீனப் பெரியவரின் பின்சக்கரத்தில் என் வண்டி இடித்து நின்றது. கூடை கவிழ்ந்து காய்கறிகள் தெருவில் உருண்டன. அல்ஹம்துலில்லாஹ், பெரியவருக்குக் காயமில்லை. இறங்கி ஓடி, எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, சக்கரத்திற்கு ஆகும் செலவையும் கொடுத்தேன். அவர் ஏசவில்லை. “நீ பார்க்கவில்லையா?” என்று மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. மஜ்லிஸுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை!

சகோதரர்களே! காதும் கண்ணும் உள்ளமும் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்று ஸூரா பனீ இஸ்ராயீலின் 36-ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். கண்ணுக்கு விசாரணை என்றவுடன் ஹராமான காட்சிகளை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். பார்க்க வேண்டிய இடத்தைப் பாராமல் விட்ட கண்ணுக்கும் கணக்கு உண்டன்றோ? கண் ஓர் அமானத்து. அதிலும் சக்கரத்தைப் பிடித்திருப்பவனின் கண், அவனுக்கு மட்டும் சொந்தமன்று. வண்டிக்குள் இருக்கும் மனைவி மக்களுக்கும், தெருவில் நடக்கும் முன்பின் அறியாதவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த அமானத்தைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, இரண்டு விநாடியில் 33 மீட்டர் கடந்துவிடுகிறது. அதாவது நூறடிக்கு மேல். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அதே இரண்டு விநாடிக்கு 61 மீட்டர். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிமுறையில், வண்டியிலுள்ள கருவியை ஒரு தடவை பார்ப்பது இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது என்றே வரையறுத்தது. அந்நாட்டிலேயே யூட்டா பல்கலைக்கழகத்தார் 2017-இல் முப்பது புதிய கார்களைச் சோதித்தபோது, ஓட்டிக்கொண்டே வழிகாட்டியில் இடத்தின் பெயரைப் பதிய சராசரி 40 விநாடி பிடித்தது. 90 கிலோமீட்டர் வேகத்தில் 40 விநாடி என்பது சரியாக ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரம் கண்ணும் கருத்தும் சிதறியபடி வண்டி ஓடுகிறது!

ஆகவே ஆபத்து பெரும்பாலும் வழிகாட்டியைக் கேட்பதில் இல்லை. ஓடுகிற வண்டியில் அதனோடு மல்லுக்கட்டுவதில்தான் இருக்கிறது. இவ்விடத்தில் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள்.

கி.பி. 622-இல் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அண்ணலாரும் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் கூலி பேசி ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டார்கள். அவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிமல்லர். ஆயினும் பாலைவழி அறிந்தவர், நம்பத்தக்கவர். வஹீ இறங்கும் நபியே வழிகாட்டியை வைத்துக்கொண்டார்களென்றால், கருவியை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது. ஆனால், எப்போது ஏற்பாடு செய்தார்கள்? எதிரிகள் துரத்தும்போது நடுவழியில் அன்று. புறப்படுமுன்பே பேசி முடித்து, இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து தௌர் குகைக்கு வரும்படி சொல்லிவிட்டார்கள். உயிருக்கே ஆபத்தான வேளையிலும் பயணத்தின் வழி முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. பெரியவரை இடித்த எனக்கோ, ஐந்து நிமிடம் ஓரமாக நிற்கப் பொறுமை இல்லை!

இன்னொன்று. நாம் தொழ நிற்கிறோம். கிப்லா எத்திசை என்பதைத் தக்பீர் கட்டுமுன் விசாரிக்கிறோம்; திசைகாட்டியையும் பார்க்கிறோம். தக்பீர் கட்டிய பிறகு யாரேனும் திசைகாட்டியைக் கையில் எடுப்பாரா? பார்வை ஸஜ்தா செய்யும் இடத்திலன்றோ இருக்கிறது! அதே சமயம், கிப்லா கஅபாவின் பக்கம் மாற்றப்பட்டபோது, குபாவில் சுபுஹு தொழுதுகொண்டிருந்தவர்களிடம் ஒருவர் வந்து சொன்னார். அவர்கள் தொழுகையிலிருந்தபடியே திரும்பிக்கொண்டார்கள். காதால் கேட்டார்கள், திரும்பினார்கள். தொழுகைக்கும் வண்டிக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆயினும் ஒழுங்கு ஒன்றுதான்: திசையை முன்னே நிச்சயித்துக்கொள், இடையில் மாற்றம் வந்தால் காது கேட்கட்டும், கண் தன் இடத்தை விட்டு அகல வேண்டாம்.

“சட்டம் என்ன சொல்கிறது?” என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, ஓடும் வண்டியில் கைத்தொலைபேசியைக் கையில் பிடித்து இயக்குவது எதற்காக ஆனாலும் குற்றம். மலேசியாவிலும் கையில் பிடித்துப் பயன்படுத்துவதற்குத் தடையுண்டு. ஆனால் போலீஸ்காரர் இல்லாத தெருவிலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான். தவறுதலாக ஓர் உயிர் போனாலும்கூட, அவருடைய குடும்பத்துக்குத் தியத்தும், அடிமையை விடுதலை செய்ய இயலாதவருக்குத் தொடர்ந்து இரண்டு மாத நோன்பும் ஸூரா நிஸாவின் 92-ஆவது வசனத்தில் கடமையாக்கப்பட்டிருக்கின்றன. உடன்படிக்கையுள்ள பிற சமூகத்தவர் இறந்தாலும் அப்படியே. வேண்டுமென்று செய்யவில்லை என்ற ஒரு சொல்லால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. அந்தப் பெரியவர் இரண்டடி பின்னால் நின்றிருந்தால்? நினைக்கும்போதே நெஞ்சு நடுங்குகிறது.

வியாபாரிகளாகிய நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சரக்கு ஏற்றிப் போன லோரிக்காரரை, “எங்கே இருக்கிறாய்? ஏன் இன்னும் வரவில்லை?” என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைப்பவர் யார்? நாம்தான். உணவு கொண்டு போகும் மோட்டார் சைக்கிள் பிள்ளை, மழையில் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது யாருடைய அவசரத்துக்காக? அவன் விழுந்தால் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? தெருவில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாமோ நம் அவசரத்தால் இடையூற்றைக் கொண்டுபோய்த் தெருவில் வைக்கிறோம்!

செய்ய வேண்டியவை சுலபமானவையே. வண்டியைக் கிளப்புமுன் போகும் இடத்தைப் பதிந்து, வழியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சாலையை மறைக்காத இடத்தில், ஆனால் தலையைக் குனியாமல் பார்க்கக்கூடிய உயரத்தில், கருவியைத் தாங்கியில் பொருத்துங்கள். குரலைத் திறந்து வையுங்கள். பிறகு, இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்த அல்லாஹ்வைத் துதிக்கும் பயண துஆவை ஓதுங்கள். அந்த துஆ ஓதி முடித்த பிறகு கருவியின் மேல் விரல் படாது என்று நிய்யத்துச் செய்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாகப் போனால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். வழி தவறினால் தவறட்டும். கருவி தானே வேறு வழி சொல்லும். போன உயிரை அதனால் திருப்பித் தர இயலாது. விருந்துக்கு அழைப்பவர்கள் மண்டபத்தின் முழு முகவரியையும் முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அதுவும் ஒரு நன்மையே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்று கற்பித்த நபியின் உம்மத்து நாம். கட்ட வேண்டியதைக் கட்டுவோம். கண்ணைச் சாலையில் வைப்போம். உள்ளத்தை அல்லாஹ்விடம் வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களைச் சலாமத்தாக்குவாயாக! எங்கள் கைகளால் உன் அடியார் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! எங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்பவர்களிடம் எங்களை நலமாய்க் கொண்டு சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.