பெயர் உதிர்ந்த மோட்டார்கள்

1

சனிக்கிழமை மதியம். ஆய்வகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மேசைமேல் பழைய பிஸ்கட் டின். அதற்குள் ஐந்தாறு வருடப் போட்டிகளில் ஓடிக் களைத்த மோட்டார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடிய ரோபோவிலிருந்து சில, பந்து தள்ளியதிலிருந்து சில, எதிராளியை வட்டத்துக்கு வெளியே முட்டித் தள்ளிய சுமோ ரோபோவிலிருந்து சில. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் மிச்சம். அதில் தூசி.

“சார், இதுல எது நல்ல மோட்டார்?” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண்.

பதில் சொல்லவில்லை. டின்னைக் கவிழ்த்தேன்.

2

முதலில் கண் பிரிக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பவை ஒரு பக்கம். கடையில் ‘பி.ஓ. மோட்டார்’ என்றால் போதும், எடுத்து வைத்துவிடுவார்கள். 3 முதல் 6 வோல்ட். உள்ளே மோட்டார் 48 சுற்று சுற்றினால் வெளியே சக்கரம் ஒரு சுற்று.

கட்டைவிரல் நகத்தில் நிற்கும் ‘என்20’ வகை இன்னொரு பக்கம். அகலம் 12 மி.மீ., கனம் 10 மி.மீ. இவற்றில்தான் கண் ஏமாறும். பல்சக்கர விகிதம் 30 ஆனாலும் 300 ஆனாலும் தூரத்திலிருந்து ஒரே முகம்.

கடைசியில், உள்ளங்கை நிறைய ஐந்து ‘சைடு ஷாஃப்ட்’ மோட்டார்கள். 37 மி.மீ. உருளை, 6 மி.மீ. தண்டு. ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல. எனக்கு வேண்டியவை இவைதான். இரண்டு ரோபோ, ஆளுக்கு இரண்டு சக்கரம். நான்கு போதும்.

3

ஒரு பி.ஓ. பெட்டி உடைந்திருந்தது. உள்ளே ‘130’ என்று எல்லோரும் சொல்லும் சின்ன மோட்டார். அது ஜப்பானின் மபுச்சி நிறுவனத்துப் பெயர். உலகமெங்கும் பலர் அதே அளவில் செய்ததால் எண்ணே பொதுப்பெயராகிவிட்டது.

மபுச்சி அட்டவணையில் அந்த 130-க்குப் பின்னால் ஒரு வால் உண்டு. 2270 என்றிருந்தால், கம்பியின் கனம் 0.22 மி.மீ., 70 சுற்று. 18100 என்றால் 0.18 மி.மீ., 100 சுற்று. முன்னது 1.5 வோல்ட்டிலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 சுற்று ஓடும். பின்னதற்கு 12,000 சுற்று ஓட 3 வோல்ட் வேண்டும். தகர உறை ஒன்றேதான். குணத்தை முடிவு செய்வது உள்ளே சுற்றிய கம்பி.

4

எங்கள் ஊர் கோவை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர். இன்றும் தெருவுக்குத் தெரு காயில் கட்டும் கடை இருக்கிறது. வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்தபோது ஒரு கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அண்ணன் மோட்டாரின் பெயர்த்தகட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கருகிய கம்பியைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணி, கேஜ் பார்த்து, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

“தகடு ஆயிரம் சொல்லுமுங்க சார். பிரிச்சு எண்ணுனாத்தானுங்க தெரியும்.”

5

எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. பிரிக்காமல் எண்ண ஒரு வழி உண்டு. கியர் இல்லாத மோட்டாரின் தண்டை இரு விரலால் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். வழுக்கிப் போகாது, இடையிடையே காந்தம் பிடித்து இழுக்கும். ஒரு முழுச் சுற்றில் ஆறு இடத்தில் தட்டினால் உள்ளே மூன்று துருவம். பத்து இடத்தில் தட்டினால் ஐந்து. அவசரமாகச் சுழற்றினால் எதுவும் எண்ணத் தெரியாது.

பிறகு அதன் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுழற்ற வேண்டும். சட்டென்று தேனுக்குள் சுற்றுவதுபோலக் கனக்கும். சுழற்றுகிறவருக்கே மின்சாரம் உண்டாக்கித் தருகிறது; அந்த மின்சாரமே அவருடைய கையைத் தடுக்கிறது. கனக்கவே இல்லை என்றால் உள்ளே எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது.

அந்தப் பெண் இரண்டு மோட்டார்களை ஒயரோடு ஒயர் சேர்த்தாள். ஒன்றின் தண்டில் நூல் சுற்றி பம்பரம்போல் இழுத்தாள். மற்றது தானாகச் சுற்றியது. பேட்டரி இல்லை. வெகுநேரம் இதையே செய்துகொண்டிருந்தாள். நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

ஒப்பிடுவதென்றால் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒன்றை 11 வோல்ட்டிலும் இன்னொன்றை 12 வோல்ட்டிலும் ஓட்டிவிட்டு வேகம் பேசுவதில் நியாயமில்லை. அந்த ஐந்து சைடு ஷாஃப்ட் மோட்டார்களுக்கும் 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டோம். தண்டில் ஒரு சின்ன டேப் கொடி. கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து, கொடி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம்.

அடுத்தது சுமை. ஐந்தில் ஒன்றின் தண்டில் 10 செ.மீ. சக்கரம், அதில் கயிறு, கயிற்று நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மாடி வராந்தாவிலிருந்து ஒரு மீட்டர் தூக்க வேண்டும்.

ஒரு பாட்டில்: 1.2 நொடி. மூன்று பாட்டில்: 2 நொடி. ஐந்து பாட்டில்: 6 நொடி. ஆறாவதைக் கட்டியதும் முனகிக்கொண்டு அப்படியே நின்றது. உடனே ஒயரைப் பிடுங்கினேன்.

7

இரவு, வீட்டில் கணக்குப் போட்டேன். ஒரு பாட்டில் தூக்கியபோது மோட்டார் தந்தது சுமார் 4 வாட். ஐந்து தூக்கியபோதும் அதே 4 வாட். மூன்று தூக்கியபோது 7-க்கும் மேல்.

வெறுமனே சுற்றுகையில் வேகம் உச்சத்தில் இருக்கிறது, வேலை பூஜ்யம். முட்டிக்கொண்டு நிற்கையில் பலம் உச்சத்தில் இருக்கிறது. அப்போதும் வேலை பூஜ்யம். கடைக்காரர் ஸ்டிக்கரில் அச்சடிப்பது இந்த இரண்டு உச்சங்களையும்தான்.

அதிகம் கிடைப்பது பாதி வேகத்தில். ஆனால் அங்கேயும் கொடுத்த மின்சாரத்தில் பாதி சூடாகிவிடும். நீண்ட நேரம் ஓட வேண்டிய மோட்டாருக்கு அதைவிடக் கொஞ்சம் இளைத்த சுமையே நல்லது. போன வருடச் சுமோவில் எங்கள் ரோபோ எதிராளியை முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு வார்னிஷ் கருகும் வாசம் வந்தது. அந்த மோட்டார் இப்போது டின்னில் இல்லை.

8

ஞாயிறு. ஐந்தையும் வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை ஓட்டினோம். ஒன்றாம் மோட்டார் நிமிடத்துக்கு வலமாக 203 சுற்று, இடமாக 196. மூன்றாம் மோட்டார் 202, 197. “ரெட்டைப் பிள்ளைங்க சார்” என்றாள். இரண்டையும் பூட்டி விட்டோம். ரோபோ நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

யோசித்தபோது புரிந்தது. வண்டி முன்னால் போகும்போது இடப்பக்க மோட்டாரும் வலப்பக்க மோட்டாரும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்றின் வலத்துக்கு இன்னொன்றின் இடம்தான் துணை. ஒரு பக்கம் 203, மறுபக்கம் 197. நொடிக்கு 3 செ.மீ. வித்தியாசம். பிரஷ் துளி விலகிப் பொருத்தப்பட்டிருந்தால் ஒரு திசையில் மோட்டார் வேகமாக ஓடும். வருடக்கணக்கில் ஒரே பக்கம் ஓடினால் பிரஷ்ஷும் அந்தப் பக்கத்துக்கே தேய்ந்து பழகிவிடும்.

நான்காம் மோட்டாரைத் தேடி எடுத்தாள். வலமாக 197, இடமாக 203. ஒன்றுக்கு நேர் எதிர். இரண்டையும் பூட்டினோம். தரையில் சாக்பீஸ் கோட்டின் மேல் வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போனது.

9

ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி; சிவப்பு நூல். இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி, பச்சை நூல். மூன்று மிச்சம்.

“இது வேஸ்ட்டா சார்?”

பந்தைத் தூக்கும் கைக்கு ஒரு மோட்டார் வேண்டும் என்றேன். அதற்கு ஒன்றே போதும். பக்கத்தில் இன்னொன்று இல்லாததால் யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

பழைய பசையை நகத்தால் சுரண்டி, வெள்ளைத் தாளை ஒட்டினாள். வோல்ட், வேகம் எதுவும் எழுதவில்லை. ‘கை’ என்று மட்டும் எழுதினாள்.