வாடகை வீடும் வாசலில் சொன்ன சொல்லும்



என் லாத்தாவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் ஃபோன் செய்தான். "மாமா! ஒரு ஃபிளாட் பிடித்துவிட்டேன். வீட்டிலும் பிள்ளையும் அடுத்த மாதம் வருகிறார்கள். புது வீட்டில் காலெடுத்து வைக்கும்போது என்ன துஆ ஓத வேண்டும்?" என்று கேட்டான்.

கேட்டதும் மனம் குளிர்ந்தது. அந்நிய நாட்டில், அந்நிய நகரத்தில், துஆவை நினைக்கிற பிள்ளை! பேச்சுவாக்கில் வாடகை எவ்வளவு என்றேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது. எப்படிச் சமாளிப்பாய் என்றதற்கு, கூடத்தைப் பலகையால் தடுத்து மூன்று கட்டில் போட்டு, நம் ஊர்ப் பையன்கள் மூவருக்கு உள்வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னான்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. குடும்பம் மட்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்."

துஆவைப் பிறகு சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். அவனை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓதிக்கொடுக்கும் வேலை கிடைத்து, தஞ்சை மாவட்டத்து ஊரிலிருந்து சென்னைக்கு வந்தேன். எனக்கு அதுவே அந்நிய நகரம்தான். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் மூன்று மாதம் வீடு தேடி அலைந்தேன். சில இடங்களில் சைவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில இடங்களில் என் தொப்பியைக் கண்டதும், நேற்றுத்தான் வீட்டைக் கொடுத்தோம் என்றார்கள். கடைசியில் தரகர், "பாய், நீங்க உண்மையைச் சொல்லிக்கிட்டே இருந்தா தெருவிலேதான் இருக்கணும். தொப்பி இல்லாம வாங்க. மூணு பேருன்னு சொல்லுங்க. கறி மீன் பழக்கமில்லைன்னு சொல்லிடுங்க" என்று யோசனை சொன்னார். நாங்களோ ஆறு பேர். நான், என் வீட்டார், மூன்று பிள்ளைகள், உம்மா.

சொன்னேன், சகோதரர்களே! தாடி வைத்த இந்த முகத்தோடு, மூன்று பேர் என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு உம்மா கேட்டார்கள்: "அந்த வீட்டுலே நான் எந்தப் பக்கம் உக்காந்து தொழுவேன் வாப்பா?" எனக்குத் தூக்கம் போயிற்று. பெற்றவளை விருந்தாளி என்று சொல்லி வருடக்கணக்கில் ஒளித்து வைக்க வேண்டிய வீடு அது. அங்கே உம்மா தொழும் ஒவ்வொரு வக்திலும் என் பொய்யும் கூடவே இருக்கும். காலையில் போய் உண்மையைச் சொன்னேன். வீட்டுக்காரர் ஒரு பைசா குறைக்காமல் பணத்தைத் திருப்பித் தந்தார். வீடு தரவில்லை. தரகர் கமிஷனைத் தரவில்லை!

பின்னர் எங்களுக்குக் கிடைத்த வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பு அது. ஒல்காட் அமெரிக்கர், அன்னி பெசன்ட் இங்கிலாந்துக்காரர். இரண்டு அந்நியர்களின் பெயரைத் தாங்கி நிற்கிற பகுதியில் நமக்குத்தான் இடமில்லை என்று நான் குறைப்பட்டதுண்டு. வீட்டுக்கார அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தினி பேரு பாய்?" ஆறு பேர் என்றேன். "சரி, தண்ணி லாரி வர்றப்போ கொடத்தை முன்னாடி வெச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இனி மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். வாடகைக்கு வீடு எடுப்பது ஃபிக்ஹில் 'இஜாரா' எனும் ஒப்பந்தம். துபாயில் வீட்டு ஒப்பந்தத்தைப் பதியும் முறைக்கும் 'இஜாரி' என்றே பெயர். வேர்ச்சொல் ஒன்றுதான். அங்குள்ள 2007-ஆம் வருடத்துச் சட்டம், உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. அப்படி விட்டால் காலி செய்யச் சொல்லலாம். சட்டம் இருக்கட்டும். முஸ்லிம்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும், ஹலாலை ஹராமாக்கும் அல்லது ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாகத் திர்மிதியில் வந்திருக்கிறதே!

இங்கே சிலர் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்பார்கள். "மீன் ஹலாலாயிற்றே! சமைக்காதே என்னும் நிபந்தனை ஹலாலை ஹராமாக்குவதுதானே? அது எப்படிச் செல்லும்?" அப்படியல்ல. மீன் ஹராம் என்று உங்களை நம்பச் சொல்லவில்லை. இந்த அடுப்பில் சமைப்பதில்லை என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். முடியாவிட்டால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள். மனிதரைப் பெயரையும் தொப்பியையும் பார்த்துத் திருப்பி அனுப்புவது அநியாயம்தான். எனக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் அவர் செய்யும் அநியாயம் எனக்குப் பொய் சொல்லும் அனுமதிச் சீட்டாகுமா?

மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் மத்யன் வந்து சேர்ந்தார்கள். எட்டு வருடம் கூலிக்கு உழைப்பது, விரும்பினால் பத்தாக நிறைவு செய்வது என்று பெண்ணின் தந்தையோடு ஒப்பந்தம் ஆனதைத் திருமறையின் கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. எதை நிறைவேற்றினார்கள் என்று கேட்கப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடை கூறியது புகாரியில் இருக்கிறது. அந்நிய ஊரில், கேட்பார் இல்லாத இடத்தில், சொன்னதற்கு மேலேயே செய்தார்கள்.

குப்பத்து வீட்டில் எங்களுக்கு மாடி. முதல் வாரமே என் மகன் குடத்தைக் கவிழ்த்துவிட்டான். தண்ணீர் வழிந்து, கீழே காயப் போட்டிருந்த நெத்திலியின் மேல் கொட்டியது. கையில் கிடைத்த துணியையெல்லாம் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் நினைவு வந்தது. ஹிஜ்ரத்தின்போது (கி.பி. 622) மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறக்குறைய ஏழு மாதம் தங்கியது அந்த ஸஹாபியின் வீட்டில். நாயகம் (ஸல்) அவர்கள் கீழே; வீட்டுக்காரர்கள் மேலே. ஒரு நாள் மாடியில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. ஒரு சொட்டும் கீழே விழக்கூடாதே என்று பதறி, தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியுமாகத் துடைத்து எடுத்தார்கள். நபியின் தலைக்கு மேல் நாம் நடப்பதா என்று தூக்கமின்றித் தவித்து, கடைசியில் அவர்களை மாடிக்குப் போகச் சொல்லி மன்றாடினார்கள்.

அந்த வீட்டில் இருந்தபோது பூண்டு சேர்த்த உணவு வந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் தொடாமல் அனுப்பினார்கள். ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, தமக்கு அதன் வாடை பிடிக்காது என்றார்கள். வீட்டாரை அதை உண்ண வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் வாழ்வது எப்படி என்பது அந்த ஒரு சட்டியில் தெரிகிறது.

நனைந்த நெத்திலிக்கு விலை கொடுக்கப் போனேன். அம்மாள் வாங்கவில்லை. அன்று என் வீட்டார் குழம்பில் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக் கீழே கொடுத்தனுப்பினார்கள். அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்த வழி அதுதான். அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்பது இங்கே கேள்வியில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதானே கேட்டார்கள்!

வீடு வாடகைக்கு விடும் ஹாஜியார்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். வேறு உடன்பாடு இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். வாங்கிய பணம் உங்கள் பணமல்ல. காலி செய்யும் நாளில் வெள்ளையடிப்பு, ஆணியடித்த ஓட்டை என்று கணக்குப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஸதகாவும் கொடுப்பவர்களை நான் அறிவேன். போக்கியமோ இன்னும் கவலைக்குரியது. லட்சங்களைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது, கடனைக் காட்டி ஆதாயம் எடுப்பதாகும் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெளிவது நல்லது.

மருமகனுக்கு இதையெல்லாம் எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். சென்ற வெள்ளியன்று ஃபோன் வந்தது. அந்த ஃபிளாட்டை விட்டுவிட்டானாம். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி நஷ்டம். ஷார்ஜாவில் ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீடு பார்த்திருக்கிறான். வேலைக்குப் போக இரண்டு பஸ். "அறை ரொம்பச் சின்னது மாமா. ஆனா மூணு பேர் பேரையும் எழுதிக் கொடுத்துட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த துஆ?" என்று கேட்டான்.

ஓரிடத்தில் இறங்கித் தங்கும்போது அல்லாஹ்வின் பரிபூரண வார்த்தைகளைக் கொண்டு, அவன் படைத்தவற்றின் தீங்கிலிருந்து காவல் தேடுவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த துஆவை மெதுவாகச் சொன்னேன். அவன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான். பின்னால் பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டது.