கறையும் மெருகும்

கறையைக் கண்டவுடன் துடைக்க விரைவது மனித இயல்பு. அது எவ்வாறு வந்தது, எவ்வளவு ஆழம் சென்றது என்று ஆராய்ந்த பின் துடைப்பவர் மிகச் சிலரே. இவ்விரு செயல்களும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினும், ஒன்று மறைத்தல், மற்றொன்று களைதல். இவ்வேறுபாட்டை எண்ணுதற்கு, நம்மில் பலரும் எட்டிப் பாராத ஒரு கொட்டகைக்குள் வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

அமெரிக்க நாட்டில் தம் கையாலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 1953ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பார் விஸ்கான்சின் மாநிலத்தில் இத்தகையோருக்கென ஒரு சங்கம் கண்டார். 1973இல் ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் தொடங்கிய நிறுவனம் தகடுகளையும் பாகங்களையும் பெட்டிகளில் அடுக்கி அனுப்பலாயிற்று. அப்பெட்டிகளிலிருந்து உருவாகிப் பறந்த விமானங்கள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை.

ஆனால் வாங்கியோர் அனைவரும் கட்டி முடிப்பதில்லை. வேலை மாறுகின்றது, குழந்தைகள் பிறக்கின்றன, நோய் வருகின்றது. பெட்டிகள் கொட்டகையின் மூலையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உறங்கிவிடுகின்றன. பின்னொரு நாள், மலிவு விலைக்கு அவற்றை வாங்கிய வேறொருவர் திறந்து பார்க்கின்றார். ஈரம் உறிஞ்சிய பொதிதாள் ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் அலுமினியத் தகட்டில் சாம்பல் நிறத் திட்டுகள். சில இடங்களில் வெண்பொடி. தேய்த்தால் போய்விடும் என்று அவர் மனம் சொல்லுகின்றது. தேய்க்கலாமா?

இத்தகடு தனி அலுமினியம் அன்று. செம்பும் மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சி விரைவில் குளிர்வித்த அலுமினியம் நாள்பட வலிமை கூடுவதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஆல்ஃபிரெட் வில்ம் கண்டறிந்தார். விமானத் தகடுகளில் பெரிதும் பயன்படும் கலவையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பு உண்டு. வலிமை தந்த அச்செம்பே அரிப்புக்கும் வாயில் திறந்தது. ஆகவே, தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் பிணைத்து உருட்டும் முறை பின்னர் வந்தது. 0.8 மில்லிமீட்டர் தகட்டில் அப்போர்வையின் கனம் ஒரு புறத்திற்கு ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர். தலைமயிரினும் மெல்லிய அதுவே உள்ளிருக்கும் வலிய உலோகத்தைக் காக்கின்றது.

இப்போது தேய்ப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். மெருகுக்காக வெறியோடு தேய்த்தால் கறையோடு காப்பும் போய்விடும். இரும்புக் கம்பித் தூரிகையால் உரசினால் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து புதிய அரிப்புக்கு வித்திடும். ஒன்றும் செய்யாது வண்ணம் பூசி மூடினாலோ, அரிப்பு அடியில் தன் வேலையைத் தொடரும். முறையறிந்தோர் செய்வது வேறு. முதலில் மென்மையான சோப்பு நீரால் கழுவுவர். போகாத இடத்தில் மட்டும் மெல்லிய நைலான் உரசு துணியால் அளவோடு தேய்ப்பர். பின் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் நோக்குவர். மேற்கறை எனில் அமிலக் கழுவலும் காப்புப் பூச்சும் போதும். குழி விழுந்து ஆழம் சென்றிருந்தால், எத்துணை விலையாயினும் அத்தகட்டை ஒதுக்கிவிடுவர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. குழி ஆழமா, அன்றா என்று தீர்ப்பளிப்பவர் யார்? கட்டுபவரே. புதுத் தகட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியவரும் அவரே. வழக்காடுபவரும் நீதிபதியும் ஒருவராய் அமைந்த மன்றம் அது. இறக்கையை ரிவெட் ஆணி அடித்து மூடிவிட்டால் உட்புறத்தை எளிதில் எவர் காண்பார்?

"அவர் உயிர், அவர் விமானம்; இதில் அறம் எங்கே வந்தது?" என்று வினவலாம். ஆனால் அவ்விமானத்தில் இரண்டாவது இருக்கை உண்டு. அதில் அவர் மனைவியோ மகளோ அமர்வர். நாளை அதை விலைக்கு வாங்குபவரும் வருவார். இவ்விமானம் பொது விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்னும் எச்சரிக்கையை உள்ளே பொறித்து வைக்க அந்நாட்டுச் சட்டம் கட்டளையிடுகின்றது. விதியின் எல்லையை அப்பலகை சொல்லும். கட்டியவரின் மனச்சான்றைச் சொல்லுமா?

1988 ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்த போயிங் 737 விமானத்தின் மேற்கூரையில் பெரும்பகுதி நடுவானில் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்புகளில், கண்ணுக்குப் புலப்படாது அரிப்பும் களைப்பு வெடிப்பும் வளர்ந்திருந்தன. 89,680 முறை பறந்து தேய்ந்த அப்பெரிய விமானமும் கொட்டகையில் உறங்கிய சிறு விமானமும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துகின்றது. ஏறும்போதே உடற்பகுதியில் ஒரு வெடிப்பைக் கண்டதாகவும், எவரிடமும் சொல்லவில்லை என்றும் பயணி ஒருவர் பின்னர் தெரிவித்தார். அவரைக் குறைகூற நாம் யார்? நாம் அன்றாடம் எத்தனை வெடிப்புகளைக் கண்டும் காணாதவராய்ப் படியேறிச் செல்கின்றோம்!

புறத்தூய்மை வேறு, அகத்தூய்மை வேறு என்று பிரித்து, பின்னதற்கு வாய்மையையே வழியாகக் காட்டினார் வள்ளுவர். கொட்டகைக்குள் அவ்வாய்மை எவ்வடிவில் வரும்? இரண்டு எளிய வடிவங்களில் வரும். ஒன்று, பிறர் கண்ணை வரவழைத்தல். மேற்சொன்ன சங்கத்தின் அனுபவமிக்க தொண்டர்கள், வேண்டுவோர் பட்டறைக்கே வந்து பார்த்துக் கருத்துச் சொல்வதுண்டு. தன் வழக்கில் தானே நீதிபதியாய் இருக்க அஞ்சுபவருக்கு அது பெருந்துணை. மற்றொன்று, கட்டுபவர் எழுதி வரும் பதிவேடு. இத்தகட்டில் இவ்விடத்தில் கறை கண்டேன், இவ்வாறு களைந்தேன், இவ்வளவே எஞ்சியுள்ளது என்று அதில் எழுதும் ஒரு வரி, மூடிய இறக்கைக்கு ஒரு சன்னல் ஆகிவிடுகின்றது.

கறை படிவது குற்றமன்று. காலமும் ஈரமும் எதையும் விட்டுவைப்பதில்லை. கறையே இல்லாதது போல் மெருகேற்றிக் கைமாற்றுவதே குற்றம். கறையைக் களைந்தபின்னும் மங்கலாய் இருக்கும் தகடு வானில் தன் கடமையைச் செய்யும். மங்கலுக்கு நாணி அதனைப் பளபளக்கச் செய்யும் கை, நாளை அவ்விருக்கையில் அமரப்போகும் முகம் தெரியாத மனிதரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.