காணாததற்குப் பொறுப்பு
பெரிய மோட்டார்ஹோமில் ஓட்டுநருக்குப் பின்னே படுக்கையும் சமையலறையும் இருப்பதால் உள்கண்ணாடி பயன்படாது. பக்கக் கண்ணாடிகளிலும் வண்டியின் நேர்பின்புறம் தெரியாது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய வண்டிகளுக்குப் பின்கேமரா கட்டாயம் என்றாலும், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடைப்பிரிவுக்கு அவ்விதி இல்லை. பெரிய மோட்டார்ஹோம்களில் அது உரிமையாளரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டது.

காண முடியாததற்கு ஒருவர் பொறுப்பாவாரா? அறியாமை மன்னிக்கத்தக்கது, ஆனால் கவனக்குறைவால் வந்த அறியாமை தண்டனைக்குரியது என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். தத்துவஞானி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் இன்னும் ஆழமாகச் சென்றார். தன் தவறின்றிக் குழந்தையின் மீது வண்டியேற்றிவிட்ட லாரி ஓட்டுநருக்கு, அருகில் நின்று பார்த்தவருக்கு வராத ஒரு வருத்தம் வரும். அது வராவிட்டால் அவரிடம் ஏதோ குறை என்றே நாம் கருதுவோம். இது மிகச் சரியான கணிப்பு.

ரிவர்ஸ் கியரோடு பின்கேமராவையும், இண்டிகேட்டரோடு பக்கக் கேமராக்களையும் இணைக்க முடிகிற காலத்தில், வசதியுள்ளவர் அவற்றைப் பொருத்தாதது அரிஸ்டாட்டில் சொன்ன இரண்டாம் வகை அறியாமையை நெருங்குகிறது. பொருத்தியதாலும் கடமை தீராது. அகலக்கோண லென்ஸ் பொருள்களை உள்ளதைவிடத் தொலைவாகக் காட்டும். சேறு அதை மறைக்கும். பின்னெடுக்கும் முன் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்ப்பது அப்போதும் ஓட்டுநரின் வேலைதான்.